ஏறாத போதையும் இறங்காத பொறுப்பும்

மனித வாழ்வின் பெரும்பகுதி பழக்கத்தால் ஆனது. நடப்பதும் பேசுவதும் எழுதுவதும் பழகிப் பெற்றவையே. நல்லதைப் பழகினால் அது திறனாகிறது. தீயதைப் பழகினால் அது தளையாகிறது. ஆயினும், தளையாக இருந்துகொண்டே திறன்போலத் தோற்றமளிக்கும் பழக்கமும் ஒன்று உண்டு. மதுப்பழக்கம் அத்தகையது.

பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையிலும் தமிழர் கூடும் விருந்துகளில் ஒரு பாராட்டுரை அடிக்கடி செவியில் விழும். "அவர் எவ்வளவு குடித்தாலும் ஏறாது, நின்ற இடத்தில் நிற்பார்" என்பது அது. சிறிதளவு அருந்திக் கால் தடுமாறும் இளைஞன் நகைப்புக்கு ஆளாகிறான். பல குவளை அருந்தியும் நிலைகுலையாதவன் ஆண்மையின் இலக்கணமாகப் போற்றப்படுகிறான். மறுநாட் காலையில் வேறோர் உரை கேட்கும். வீட்டில் பாத்திரங்கள் உடைந்து கிடக்கும். மனைவியின் கண்கள் வீங்கியிருக்கும். "அது அவர் செய்ததன்று, குடி செய்தது" என்று உற்றார் அமைதி கூறுவர்.

மது ஒன்றும் செய்யாது என்கிறது முதல் உரை. எல்லாவற்றையும் மதுவே செய்தது என்கிறது இரண்டாம் உரை. ஒன்றற்கொன்று முரணான இவ்விரண்டும் ஒரு முடிவில் ஒத்துப்போகின்றன. குடிப்பவனிடமிருந்து பொறுப்பை இறக்கி வைப்பதே அம்முடிவு. அவ்வாறு இறக்கி வைப்பது முறைதானா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், மதுவுக்கு மனிதன் காட்டும் எதிர்விளைவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

உடல் கற்கும் பாடம்

கள், பீர், சம்சு, விஸ்கி எனப் பெயர்கள் பலவாயினும் அவற்றுள் போதை தரும் பொருள் ஒன்றே. அதனை மதுசாரம் என்பர். உட்சென்ற மதுசாரம் குருதியில் கலந்து மூளையை அடைகிறது. அதனைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரலே செய்கிறது. கல்லீரல் விரைந்து செயல்படும் உறுப்பன்று. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் அளவே அதனால் நீக்க முடியும். 330 மில்லி லிட்டர் கொண்ட பீர்க் குவளை ஒன்றில் ஏறக்குறைய 13 கிராம் மதுசாரம் உள்ளது. அந்த ஒரு குவளை அகலவே ஒரு மணி நேரத்திற்கு மேலாகும்.

ஒரே அளவு அருந்திய இருவர் ஒரே நிலையில் இருப்பதில்லை. உடலின் எடை, ஆண் பெண் வேறுபாடு, உண்ட உணவு, மரபு ஆகியவை இதற்குக் காரணமாகும். பினாங்கில் சீன நண்பர்களுடன் விருந்துண்டோர், சிலருக்கு ஒரு குவளையிலேயே முகம் செம்மை பூப்பதைக் கண்டிருப்பர். கிழக்காசிய மக்களில் பலருக்கு, மதுசாரம் சிதையும்போது இடையில் தோன்றும் நச்சுப் பொருளை நீக்கும் நொதி மரபுவழியே வலிமை குன்றியிருக்கிறது. முகச்சிவப்பு அதன் அடையாளமாகும். இவையனைத்தும் பிறப்போடும் உடலோடும் வந்தவை. இவற்றின்மேல் பழக்கம் தன் கட்டடத்தை எழுப்புகிறது.

நாள்தோறும் குடிப்பவன் உடலில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவதாக, கல்லீரலில் மதுசாரத்தைச் சிதைக்கும் நொதிகளில் ஒருவகை பெருகுகிறது. நீக்கும் வேகம் சிறிது கூடுகிறது. இரண்டாவது மாற்றமே பெரிது. மூளையில் கிளர்ச்சியை அடக்கும் விசைகளும் உண்டு. எழுப்பும் விசைகளும் உண்டு. மது முன்னதை வலுப்படுத்திப் பின்னதைத் தளர்த்துகிறது. நாள்தோறும் இவ்வாறு அழுத்தப்படும் மூளை சமநிலையைக் காக்க எதிர்த்திசையில் தன்னை மாற்றிக்கொள்கிறது. அடக்கும் விசை தளர்கிறது. எழுப்பும் விசை ஓங்குகிறது. அதனால் முன்பு இரண்டு குவளையில் வந்த மயக்கத்திற்கு இப்போது நான்கு தேவைப்படுகிறது. இதனையே தாங்குதிறன் என்று மருத்துவர் கூறுவர். விருந்தில் பாராட்டப்பெற்ற 'ஆண்மை' இதுவே.

தாங்குதிறன் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே அளவில் வருவதில்லை. காலும் நாவும் விரைவில் பழகிவிடுகின்றன. தடுமாறாமல் நடக்கவும் குழறாமல் பேசவும் குடிப்பவன் கற்றுக்கொள்கிறான். ஆயின் கல்லீரலும் இதயமும் உணவுக்குழலும் எந்தப் பாடத்தையும் கற்பதில்லை. உட்சென்ற அளவுக்கு ஏற்பவே அவை சிதைகின்றன. உயிரைப் பறிக்கும் அளவும் அதே விகிதத்தில் உயர்வதில்லை. எனவே மயக்கம் தோன்றும் எல்லை மேலே ஏற ஏற, மரணத்தின் எல்லைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறுகுகிறது. வீட்டில் தீப்பற்றும்போது ஒலிக்கும் மணி நின்றுபோனால், தீ அணைந்துவிட்டது என்று எவரும் மகிழ்வதில்லை. ஏறாத போதையும் அத்தகைய ஒலியற்ற மணியே.

இதனினும் வியப்பான உண்மை ஒன்று உண்டு. முதன்முதலாகக் குடிக்கும்போதே மிகக் குறைந்த பாதிப்பைக் காட்டும் இளைஞர்களை அமெரிக்க மருத்துவர் மார்க் ஷுக்கிட் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். குடிநோயாளரின் மைந்தரிடையே இவ்வியல்பு மிகுதி என்பதையும், இவ்வியல்புடையோரே பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு மிக்கவர் என்பதையும் அவர் கண்டறிந்தார். நண்பர்கள் எவனைப் பார்த்து "இவன் தாங்குவான்" என்று தோள் தட்டுகிறார்களோ, அவனே மற்றெவரினும் அஞ்ச வேண்டியவன்.

மாறிய மூளைக்கு மது கிடைக்காதபோது நேர்வது யாது? அழுத்தம் நீங்கிய விசை துள்ளி எழுகிறது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, உறக்கம் அகல்கிறது, சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே கேடு விளைகிறது. ஆகவேதான் நெடுநாட் குடித்தவர் மருத்துவத் துணையின்றித் திடீரென நிறுத்தலாகாது என்பர். காலையில் ஒரு வாய் அருந்தினால் நடுக்கம் நிற்கிறது. நோயைத் தந்ததே மருந்தாகவும் தோன்றுகிறது. தொடக்கத்தில் இன்பத்திற்காகக் குடித்தவன் முடிவில் துன்பம் வாராமைக்காகக் குடிக்கிறான். இறுதியில் கல்லீரல் நலிந்தபின், பெருமைக்குரியதாய் இருந்த தாங்குதிறனும் கைவிட்டுப் போகிறது. சிறிதளவே அவனை வீழ்த்திவிடுகிறது.

இடமும் எதிர்பார்ப்பும்

உடல் மட்டுமன்றி உள்ளமும் குடியைப் பழகுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் ஷெப்பர்ட் சீகல், போதைப் பொருள்களைத் தாங்கும் திறன் அவற்றை வழக்கமாகக் கொள்ளும் சூழலோடு பிணைந்துள்ளது என்று விளக்கினார். வழக்கமான கடை, வழக்கமான மேசை, வழக்கமான மணம் ஆகியவற்றைக் கண்டவுடனே உடல் எதிர்ப்புக்கு ஆயத்தமாகிறது. புதிய இடத்தில் அந்த ஆயத்தம் இல்லை. பழகிய கடையில் நிலைகுலையாதவன் வெளியூர் விருந்தில் அதே அளவுக்குத் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆலன் மார்லட் என்பாரும் அவர்தம் துணைவரும் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். சிலருக்கு வோட்கா கலந்த பானம் தரப்பட்டது. சிலருக்கு மதுவே இல்லாத பானம் தரப்பட்டது. ஒவ்வொரு குழுவிலும் பாதிப்பேருக்கு உண்மைக்கு மாறான செய்தி சொல்லப்பட்டது. மது இருக்கிறது என்று நம்பியவர்களே, அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், மிகுதியாகக் குடித்தனர். குடிநோயாளரும் இதற்கு விலக்காகவில்லை. உள்ளிருந்த மதுசாரத்தைவிட உள்ளத்திலிருந்த நம்பிக்கையே அவர்தம் கையை இயக்கியது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1969இல், மெக்காண்ட்ரு, எட்கர்ட்டன் என்னும் இருவர் பல்வேறு இனமக்களின் குடிவழக்கங்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டனர். குடித்தபின் சண்டையிடும் சமுதாயங்களும் உண்டு. குடித்தபின் அமைதியாக அமர்ந்திருக்கும் சமுதாயங்களும் உண்டு. ஒரே சமுதாயத்தில் ஒரு விழாவில் ஒருவகையாகவும் மற்றொரு சூழலில் வேறுவகையாகவும் நடப்பாரும் உண்டு. குடித்தவன் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதையும் சமுதாயமே கற்பிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இம்முடிவைச் சோதித்தறியத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வீட்டு வாயிலில் நின்று தெருவே அதிரக் கூச்சலிடுபவன், காவலர் வண்டி வந்தவுடன் குரலைத் தாழ்த்துகிறான். மனைவியின்மேல் ஓங்கும் கை, முதலாளியின் முன்னே கும்பிடுகிறது. குருதியிலுள்ள மதுசாரத்தின் அளவு அந்த ஒரு நிமிடத்தில் குறைந்துவிடவில்லை. எங்கே அடிக்கலாம், எங்கே அடங்க வேண்டும் என்னும் கணக்கு மயக்கத்திலும் அழியவில்லை. மது தடையைத் தளர்த்துவது உண்மையே. தளர்ந்த தடையின் வழியே வெளிப்படுவது எது என்பதையோ, அவனும் அவனைச் சூழ்ந்தோரும் நெடுநாளாக இசைந்து வளர்த்த பழக்கமே முடிவு செய்கிறது. ஆதலின் 'குடி செய்தது' என்னும் உரை முழு உண்மையன்று.

எறிந்த கல்

குடித்தவனுக்குப் பொறுப்பு உண்டா என்னும் வழக்கு மிகப் பழையது. கிரேக்க நாட்டு ஏழு ஞானியருள் ஒருவராகிய பிட்டக்கஸ், மிட்டிலீன் நகரை ஆண்டபோது, குடிவெறியில் குற்றம் புரிந்தோர்க்கு மற்றையோரினும் மிகுந்த தண்டனை விதித்தார். அரிஸ்டாட்டில் தம் நூல்களில் இச்சட்டத்தைக் குறிப்பிடுகிறார். குடித்தவன் அறியாமல் செய்திருக்கலாம். ஆயின் அவ்வறியாமையை வரவழைத்துக்கொண்டவன் அவனே என்பது அவர் கருத்து. இதனை விளக்க அவர் ஓர் உவமையும் தருகிறார். கையை விட்டுச் சென்ற கல்லைத் திரும்ப அழைத்தல் எவராலும் இயலாது. எனினும் எறிவதும் எறியாமையும் அவன் கையில்தான் இருந்தன. பழக்கத்தால் தீயவனானவன் நினைத்தவுடன் நல்லவனாக முடியாதுதான். ஆயின் அப்பழக்கத்தின் தொடக்கம் அவன் வசமே இருந்தது.

மலேசியாவின் தண்டனைச் சட்டமும் ஏறத்தாழ இந்நெறியிலேயே நிற்கிறது. தானாக விரும்பிக் குடித்து வந்த மயக்கம் பொதுவாகக் குற்றத்திலிருந்து ஒருவனை விடுவிப்பதில்லை. பிறர் அவன் இசைவின்றிக் குடிக்கச் செய்திருந்தாலோ, குடியால் சித்தமே திரிந்திருந்தாலோதான் விலக்குக்கு இடமுண்டு. குற்றத்தின் உள்நோக்கத்தை ஆராயும்போது மயக்க நிலையும் கருதப்படலாம்.

சாலைப் போக்குவரத்துச் சட்டம் இன்னும் தெளிவானது. 2020ஆம் ஆண்டின் திருத்தத்தால், வாகனம் ஓட்டுவோர் குருதியில் இருக்கத்தக்க மதுசாரத்தின் உச்ச அளவு 100 மில்லி லிட்டருக்கு 80 மில்லி கிராமிலிருந்து 50 மில்லி கிராமாகக் குறைக்கப்பட்டது. குடித்து ஓட்டி உயிரிழப்பு விளைவித்தவருக்கு 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. "உனக்கு ஏறியதா?" என்று இச்சட்டம் கேட்பதில்லை, குருதியில் எவ்வளவு என்றே கேட்கிறது. அதற்குத் தக்க காரணம் உண்டு. மெல்லன்பி என்னும் ஆங்கில ஆய்வாளர் 1919இலேயே கண்ட உண்மை அது. குருதியில் மதுசாரம் ஏறும்போது உணரும் மயக்கத்தை, அதே அளவுக்கு இறங்கி வரும்போது மனிதன் உணர்வதில்லை. "தெளிந்துவிட்டது" என்று அவன் மனம் சொல்கிறது. அவன் கண்ணும் கையும் தெளியவில்லை. தன்னை அளக்கும் கருவியே பழுதுற்றபின், அக்கருவியின் சான்றை அறமன்றம் எவ்வாறு ஏற்கும்?

பழக்கத்தை வளர்த்தவர் யார்?

இவ்வளவும் கூறி, பழி முழுவதையும் குடிப்பவன் தலையில் ஏற்றிவிட்டால் அது நீதியாகாது. கல்லை எறிந்தவன் அவனே. ஆயின் கல்லைக் கையில் கொடுத்தவர் எவர் என்றும் கேட்டல் வேண்டும்.

ஜார்ஜ் டவுன் 1786இல் கிழக்கிந்தியக் கும்பினியின் குடியேற்றமாகத் தொடங்கியது. அபினி, சாராயம் ஆகியவற்றை விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுப் பெற்ற பணம் அந்நாளைய அரசு வருவாயில் பெரும் பங்காக இருந்தது. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். லயங்களுக்கு அருகிலேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் வந்தன. விடியலில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பிற்பகலில் உடல் ஓய்ந்து திரும்பியவனுக்கு நூலகம் இல்லை, கள்ளுக்கடை இருந்தது. விற்பனை இலாபத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கென வகுத்த நிதியில் சேர்க்கப்பட்டது. தொழிலாளியின் நலம் அவனுடைய கேட்டிலிருந்தே பெறப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

1929 டிசம்பரில் தந்தை பெரியார் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கி மலாயா நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். தமிழகத்தில் கள்ளுக்கடை மறியல் நடந்த காலத்தில் தம் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர் அவர். அவர் வருகைக்குப்பின் இங்குள்ள தமிழரிடையே சீர்திருத்த எண்ணம் வலுப்பெற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், பினாங்குக்கு அண்மையிலுள்ள கெடா மாநிலத் தோட்டங்களில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை தோன்றியது. கள்ளுக்கடைகளை மூடுக என்று தொழிலாளர் மறியல் செய்தனர். 1947இல் பீடோங் வட்டாரத்தில் காவல் துறையினருடன் மோதல்கள் மூண்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை ஒருங்கே உணர்த்துகிறது. கடையைக் காக்க ஆட்சியின் படை வந்ததால், பழக்கத்துக்குப் பின்னே பிறர் ஆதாயம் இருந்தமை புலப்படுகிறது. கடையை மூடச் சொன்னவர்கள் கள்ளுக்கு நடுவே வளர்ந்த தோட்டத் தொழிலாளரே ஆதலால், சூழ்நிலையின் கைதிகளும் அச்சூழ்நிலையை எதிர்க்க வல்லவர் என்பதும் புலப்படுகிறது. பிறருக்குப் பங்குண்டு என்பது தன் பொறுப்பை அழிப்பதில்லை. தன் பொறுப்பு பிறர் பங்கை மறைப்பதுமில்லை.

பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர் நகரை நாடினர். கள்ளின் இடத்தை அதனினும் பன்மடங்கு வலிய சம்சு பிடித்துக்கொண்டது. தாங்குதிறன் ஏறியவனுக்கு மென்மையான பானம் போதவில்லை. ஏழைக்கு விலையுயர்ந்தது எட்டவில்லை. மலிவும் வலிமையும் சேர்ந்த பானமே அவனைத் தேடி வந்தது. 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரீஸ் தலைமையில் நெடுங்காலம் மலிவு மதுவுக்கு எதிராகக் குரல் கொடுத்தது.

மலிவை நாடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018 செப்டம்பர் காட்டியது. மெத்தனால் கலந்த மதுவை அருந்தி, சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. உடலுக்குள் மெத்தனால் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியையும் உயிரையும் பறிக்கிறது. எத்தனை ஆண்டு குடித்துத் தேடிய தாங்குதிறனும் அதற்குமுன் காப்பாகாது. தொடக்கத்தில் அதன் மயக்கமும் பழகிய மயக்கம் போலவே தோன்றுவதால், ஐயம் எழ வேண்டிய வேளையில் ஐயமும் எழுவதில்லை.

தெளிந்த வேளை

மணிமேகலையில் சாதுவன் கதை தமிழ் மாணவர் நன்கறிந்தது. கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய அவன், கள்ளையும் கொலையையும் விடுமாறு நாகர் தலைவனுக்கு எடுத்துரைக்கிறான். கள்ளும் ஊனும் இன்றேல் இவ்வுடம்பில் உயிரைப் பேணுதல் எங்களால் ஆகாது என்கிறான் தலைவன். அது ஒரு மனிதனின் வாதம் மட்டுமன்று. பழக்கமே வாய் திறந்து பேசும் பேச்சு. கற்றுக்கொண்ட ஒன்று, பிறவித் தேவைபோல் மாறி வழக்காடுகிறது. சாதுவன் சினந்து விலகவில்லை. இயன்ற அளவேனும் அறத்தைக் கைக்கொள்ளுமாறு வழி காட்டுகிறான். அடிமைப்பட்டவனிடம் முழு விடுதலையை ஒரே நாளில் எதிர்பாராத அப்பொறுமை இன்றும் வேண்டப்படுவதே.

சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தோற்றுவித்த டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் குடிப்பழக்கத்தை நோயாகக் கருதி மருத்துவம் அளிக்க முன்வந்தது. நோய் என்றால் பொறுப்பு நீங்கிவிடுமா என்று சிலர் ஐயுறுவர். நீரிழிவு வந்தமைக்காக எவரையும் பழிப்பதில்லை. ஆயின் மருந்து உண்பதும் உணவைக் கட்டுவதும் அவர் கடமையே. குடிநோயாளனைக் குற்றவாளி என ஒதுக்குதல் தவறு. அவனால் ஒன்றும் இயலாது எனக் கைவிடுதலும் தவறு. அவன் பொறுப்பு குவளை காலியான பின் தொடங்குவதன்று. மருத்துவமனை வாயிலை அடையும் முதல் அடியில் இருக்கிறது. அவ்வடியை எடுக்கத் துணை நிற்றல் சுற்றத்தார் பொறுப்பாகும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையை வைத்தார். அதன் கடைசிக் குறளில் அவர் எழுப்பும் வினா மிக நுட்பமானது. குடிப்பவன், தான் குடியாதிருக்கும் வேளையில் மற்றொரு குடிகாரனைக் காண்பானாயின், தன் சோர்வை எண்ணிப் பார்க்க மாட்டானோ என்பது அதன் கருத்து. குடித்திருக்கும்போது அவன் தன்னைக் காண இயலாது. காணும் கருவி அப்போது மங்கியிருக்கிறது. தெளிந்த வேளையில் பிறனைக் கண்ணாடியாகக் கொண்டே தன்னைக் காண முடியும். அறத்தின் இடம் அந்தத் தெளிந்த வேளையே. அடுத்த குவளையை ஏற்பதா மறுப்பதா, வண்டியின் சாவியை எவரிடம் ஒப்படைப்பது, வீட்டுக்கு எந்த வழியாகத் திரும்புவது, மருத்துவரை நாடுவதா இல்லையா என்பன எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

ஆசிரியர்கள் வகுப்பறையில் 'குடி குடியைக் கெடுக்கும்' என்று எழுதிப் போடுவது நன்றே. அதனோடு, 'ஏறாது' என்பது பாராட்டன்று, எச்சரிக்கை என்பதையும் மாணவர் நெஞ்சில் பதித்தல் வேண்டும். தடுமாறிய இளைஞனைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டம், உண்மையில் அவனைக் காத்த உடலைப் பார்த்தே சிரிக்கிறது. நிலைகுலையாதவனுக்குத் தோள் தட்டும் கூட்டமோ, அவன் தளைக்கு மேலும் ஒரு கண்ணியைச் சேர்க்கிறது. போதை ஒருவனுக்கு ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். பொறுப்பு எந்நிலையிலும் அவனை விட்டு இறங்குவதில்லை. அதனைத் தெளிந்த வேளையில் ஏந்தக் கற்றவனே உண்மையில் நிலைகுலையாதவன்.